கண் திறந்து செய்த ஜெபம்

(மருத்துவமனை ஆதரவாளர்கள் கூடுகையில் நமது மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



 தூரத்து ஊர்களிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். உங்கள் காணிக்கையினாலும் ஜெபத்தினாலும் இந்த மருத்துவமனை நடந்துவருகிறது. அதற்காக முதலாவது தேவனுக்கும், பின்பு உங்களுக்கும் நன்றி சொல்லுகிறேன்.

இப்படிப்பட்ட கூடுகைகளில் நான் வழக்கமாகச் சுகம் பெற்றவர்களின் சாட்சியைச் சொல்லுவேன். இன்று நான் சொல்லப்போவது என் தவறு ஒன்றைப் பற்றி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் மனதில் இருக்கிற காரியம் இது.

1998-ஆம் ஆண்டு, அறுவடைக்கு முந்திய மாதம். கரிசல் காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஏறக்குறைய நாற்பது வயதுள்ள ஒரு மனிதரை மாட்டு வண்டியில் ஏற்றி, மெயின் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து வேனில் கொண்டுவந்தார்கள். கலப்பையின் கொழு வலது காலில் குத்தியிருந்தது. பத்து நாள் மஞ்சளும் பச்சிலையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சர்க்கரை வியாதி இருப்பது அவருக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் கறுத்துப்போய் இருந்தன.

சேர்க்கும் இடத்தில் பெயர் கேட்டார்கள். கூட வந்த அண்ணன், "ஊமையன்னே எழுதுங்க, ஊரிலே அப்படித்தான் கூப்பிடுவோம்" என்றார். "அவருக்கு ஒரு பெயர் இருக்குமே?" என்று நம் எழுத்தர் கேட்டதற்கு, அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரேஷன் கார்டிலே இருக்கும், கொண்டுவரலை" என்றார். கேஸ் ஷீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. பிறவியிலேயே காது கேளாதவர். அதனால் பேச்சும் வரவில்லை.

விரல்களை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் காலே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அண்ணனிடம் விளக்கமாகச் சொன்னார். அண்ணன் கைரேகை வைத்தார். மறுநாள் காலை தியேட்டருக்குக் கொண்டுபோகுமுன், வழக்கப்படி என்னை அழைத்தார்கள். நான் போய்க் கட்டிலருகே நின்று, கண்களை மூடி, நல்ல குரலில் ஜெபித்தேன். அண்ணனும் கண்களை மூடினார். நர்ஸ் சகோதரியும் மூடினார். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது அந்த மனிதர் கட்டிலின் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பயப்படுகிறார், பாவம் என்று நினைத்துத் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் மயக்கம் தெளிந்த பிறகு அவர் சாப்பிடவில்லை. டிரஸ்ஸிங் செய்ய யாரையும் விடவில்லை. இரண்டு முறை கட்டைப் பிய்த்து எறிந்தார். புத்தி சுவாதீனம் இல்லையோ என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

நான்காம் நாள் அவருடைய அக்காள் வந்தார்கள். கூடவே அக்காள் மகள், பத்து வயதுப் பிள்ளை. அது கட்டிலில் ஏறி உட்கார்ந்து மாமாவோடு கைகளால் பேச ஆரம்பித்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு பேரின் கைகளும் அவ்வளவு வேகமாக ஓடின. சற்று நேரத்தில் அந்த மனிதர் அழத் தொடங்கினார். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது:

"ஐயா, விரலை எடுக்கப்போறோம்னு மாமாகிட்ட யாருமே சொல்லலையா?"

யாருமே சொல்லவில்லை. அது மட்டுமல்ல. தம்மைச் சுற்றி நின்று எல்லாரும் கண்களை மூடிக்கொண்டதைப் பார்த்து, தாம் சாகப்போவதாக அவர் நினைத்துவிட்டார். அந்த மனிதரோடு பேசுவதற்கு எனக்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அது கண். கடவுளின் ஆறுதலைச் சொல்லப்போன நான் அந்த வாசலைத்தான் மூடினேன்.

அந்தப் பிள்ளையிடமிருந்து அவருடைய வாழ்க்கையைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். ஊரில் மாட்டு வேலைக்கு அவரைப்போல ஆள் கிடையாது. உழும்போது அவர் மாடுகளின் காதுகளைப் பார்த்துக்கொண்டே போவாராம். பின்னால் யாராவது கூப்பிட்டாலோ வண்டி வந்தாலோ மாட்டின் காது திரும்பும், உடனே இவரும் திரும்பிப் பார்ப்பார். கிணற்றில் மோட்டார் ஓடுகிறதா என்று குழாயில் உள்ளங்கையை வைத்து அறிந்துகொள்வார். ஊரில் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு சைகைப் பெயர் வைத்திருந்தார். மீசையை முறுக்கினால் தலையாரி, நெற்றியில் விரலால் வட்டமிட்டால் அக்காள்.

ஆனால் அந்தப் பிள்ளையும் அக்காளும் தவிர ஊரில் ஒருவருக்கும் அந்தப் பாஷை தெரியாது. வா, போ, சாப்பிடு, மாட்டை அவிழ் என்ற நாலைந்து சைகையோடு மற்றவர்கள் நின்றுகொண்டார்கள். கூலியில் பாதிதான் கொடுப்பார்கள், கேட்கத் தெரியாதே. தகப்பனார் இறந்தபின் நிலத்தைப் பாகம் பிரித்தபோது இவரை உட்காரவைத்து யாரும் பேசவில்லை. கல்யாணப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. ஊரார் அவரை அடிக்கவில்லை, பட்டினி போடவும் இல்லை. திருவிழாவில் முதல் பந்தியிலே சோறு போடுவார்கள். ஆனால் நாற்பது வருஷமாக அவரிடம் யாரும் ஒரு செய்தியைச் சொன்னதில்லை, ஒரு யோசனை கேட்டதில்லை.

எனக்கும் அவர் ஒரு சைகைப் பெயர் வைத்திருந்தார். என்ன என்று பிள்ளையைக் கேட்டேன். அது சிரித்துக்கொண்டே கண்களை இறுக மூடிக் கைகளைக் கூப்பிக் காட்டியது. கண் மூடிய மனிதர். அதுதான் நான்.

பிரியமானவர்களே, அன்று இரவு மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். தெக்கப்போலி நாட்டில் காது கேளாத, பேச்சு தடுமாறுகிற ஒருவனை ஆண்டவரிடம் கொண்டுவந்த சம்பவம் அது. நான்கு சுவிசேஷங்களில் மாற்கு மட்டுமே இதைச் சொல்லுகிறார். இறையியல் கல்லூரியில் அந்த அரமேயச் சொல்லை, எப்பத்தா என்ற சொல்லை, விளக்கிப் பரீட்சை எழுதினவன் நான். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஆண்டவர் என்ன செய்தார் என்று நான் கவனித்ததே இல்லை. கூட்டத்தைவிட்டு அவனைத் தனியே அழைத்துப்போனார். அவன் காதுகளில் விரல்களை வைத்தார். நாவைத் தொட்டார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். இவையெல்லாம் கண்ணால் காணக்கூடியவை, தொட்டு உணரக்கூடியவை. காது கேளாதவனுக்குப் புரியும் பாஷையில் அவனோடு பேசிவிட்டு, அதன் பிறகே வாய் திறந்தார். அவர் கண்களை மூடினார் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

இந்த விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. சில வருஷங்கள் கழித்து, காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். நோரா எலன் குரோஸ் என்ற அம்மையார், மானிடவியல் படித்தவர், 1985-ல் வெளியிட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்ட் என்று ஒரு தீவு இருக்கிறது. இன்று அது பணக்காரர்கள் கோடைக்குப் போகிற இடம். முன்பு ஆடு வளர்ப்பும் விவசாயமும் மீன்பிடிப்புமாக இருந்த எளிய ஊர்கள். அங்கே நடந்ததைச் சொல்லுகிறேன், கவனமாகக் கேளுங்கள்.

1690-களில் ஜோனத்தான் லாம்பர்ட் என்ற ஒருவர் குடும்பத்தோடு அந்தத் தீவில் குடியேறினார். விவசாயி, தச்சு வேலையும் தெரிந்தவர். தீவில் காது கேளாதவராக நாம் அறிகிற முதல் மனிதர் அவரே. அவருடைய பிள்ளைகளில் இரண்டு பேர் காது கேளாதவர்கள். 1714-ல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் சூவல் என்ற நீதிபதி அந்தத் தீவுக்குப் போயிருந்தார். லாம்பர்ட் தங்களோடு இருந்தும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று அவருக்குக் கோபம் வரப் பார்த்தது. பிறகுதான் அவர் காது கேளாதவர் என்று தெரியவந்தது. இதை அந்த நீதிபதியே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வெளியூர்க்காரருக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. உள்ளூர்க்காரருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

இந்தக் குடும்பங்களின் முன்னோர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து வந்தவர்கள். தீவில் ஜனம் குறைவு. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஆகவே காது கேளாமை தலைமுறை தலைமுறையாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா முழுவதும் ஏறக்குறைய 5,700 பேருக்கு ஒருவர் காது கேளாதவராக இருந்தபோது, அந்தத் தீவில் 155 பேருக்கு ஒருவர். தீவின் மேற்குப் பகுதியிலுள்ள சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர்.

நம் ஊராக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? சாபம் என்றிருப்போம், முன்னோர் செய்த பாவம் என்றிருப்போம். அந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? எல்லாரும் சைகை மொழியைக் கற்றுக்கொண்டார்கள். காது கேட்கிறவர்கள் கற்றுக்கொண்டார்கள்! பிள்ளைகள் தாய்மொழியோடு சேர்த்து அதையும் தெருவிலேயே கற்றார்கள். கடையில் சைகையால் பேசினார்கள். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குச் சைகையால் பேசினார்கள். தூரமாயிருந்தால் தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். காது கேளாதவர் ஒருவரும் பக்கத்தில் இல்லாதபோதும் தங்களுக்குள் சைகையிலேயே பேசிக்கொள்வார்களாம். பிரசங்கம் நடக்கும்போது சத்தமில்லாமல் சைகையில் அரட்டை அடித்தவர்களும் உண்டு. நல்லவேளை, நம் சபைகளில் இன்னும் அது வரவில்லை. ஜெபக் கூட்டத்தில் காது கேளாத சகோதரர் எழுந்து கைகளால் சாட்சி சொன்னால், மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் புரிந்தது.

அதன் பலன் என்ன தெரியுமா? அங்கே காது கேளாத மனிதர் நிலம் வாங்கினார், விற்றார், ஊர்க் கூட்டத்தில் கலந்துகொண்டார். பெரும்பாலோர் கல்யாணம் செய்தார்கள், அதிலும் அநேகர் காது கேட்கிறவர்களையே மணந்தார்கள். 1817-ல் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் காது கேளாதோர் பள்ளி ஒன்று தொடங்கியது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான தாமஸ் கல்லாடெட் ஒரு போதகர். மற்றவர் லாரன்ட் கிளேர், பிரான்சிலிருந்து வந்தவர், அவரே காது கேளாதவர். தீவின் பிள்ளைகள் அங்கே போய்ப் படித்தார்கள். அதனால் காது கேட்கிற அயலார் சிலர் தங்கள் காகிதங்களைப் படித்துச் சொல்லும்படி காது கேளாதவர்களிடம் கொண்டுவரும் நிலைகூட வந்தது.

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-களில் இந்தத் தீவின் குடும்பங்களை ஆராய்ந்தார். அவருடைய தாயாரும் மனைவியும் செவிப்புலன் குறைந்தவர்கள். காது கேட்கிற பெற்றோருக்கு ஏன் கேளாத பிள்ளை பிறக்கிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. அதற்கான விடையை மெண்டல் என்ற மடத்துத் துறவி பட்டாணிச் செடிகளை வளர்த்து 1866-லேயே எழுதியிருந்தார். உலகம் அதைக் கவனித்தது 1900-ல்தான். தாய் தகப்பன் இருவரிடமும் அந்தக் குறை மறைந்து இருக்கலாம். அப்போது ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

ஜனங்கள் தீவுக்கு வெளியே சம்பந்தம் செய்யத் தொடங்கியபின் அந்தப் பிறவிக் குறை குறைந்துகொண்டே வந்தது. அவ்விதம் பிறந்தவர்களில் கடைசியானவர் 1952-ல் இறந்தார். அவர்களோடு அந்தச் சைகை மொழியும் போயிற்று. பின்னாளில் குரோஸ் அம்மையார் தீவின் முதியவர்களைச் சந்தித்து, முன்பு வாழ்ந்த இரண்டு பேரைக் குறிப்பிட்டு, அவர்களிடம் பொதுவாக என்ன இருந்தது என்று விசாரித்தார். ஒரு மூதாட்டி, இருவரும் நல்ல மீன்பிடிகாரர்கள் என்றார். இருவரும் காது கேளாதவர்கள்தானே என்று எடுத்துச் சொன்னபிறகுதான், ஆமாம், யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் என்று அவருக்கு நினைவு வந்ததாம்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அங்கே ஒரு மனிதரை அவருடைய தொழிலை வைத்து நினைவுகூர்ந்தார்கள், அவர் காது கேளாதவர் என்பது மறந்துபோயிருந்தது. நம் கேஸ் ஷீட்டிலோ, மனிதர் மறைந்து ஊமை என்பது மட்டும் எழுதப்பட்டிருந்தது.  இரண்டு பேருக்கும் ஒரே குறை. வித்தியாசம் அவர்கள் காதில் இல்லை, பக்கத்து வீட்டாருடைய கையில் இருந்தது.

நம் மருத்துவமனையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை ஐந்து நாள் வார்டில் தங்கியது. வார்டு சிஸ்டர் ஒரு கோடு போட்ட நோட்டில் அதனிடமிருந்து சைகைகளைக் கேட்டுப் படம் வரைந்துகொண்டார். வலி, தண்ணீர், ஊசி, நாளை, கட்டு மாற்ற வேண்டும், அக்காள் வருகிறாள் என்று முப்பதுக்கும் மேல். அந்த மனிதர் சாப்பிட ஆரம்பித்தார். புண் ஆறியது. அவர் வீட்டுக்குப் போகிற நாளில் நான் மறுபடியும் ஜெபித்தேன், இந்த முறை கண்களைத் திறந்துகொண்டு, கைகளால். மேலே காட்டினேன், அவர் காலைத் தொட்டேன், அவர் ஊர் இருக்கும் திசையைக் காட்டினேன். என் இலக்கணம் எப்படி இருந்ததோ, கர்த்தர் அறிவார். அவர் என் கையைப் பிடித்துத் தம் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவர் பெயரும் இப்போது எனக்குத் தெரியும். அவர் அனுமதி இல்லாமல் மேடையில் சொல்லக்கூடாது என்பதால் விடுகிறேன்.

இதோடு கதை இனிதாக முடிந்தது என்று சொல்ல ஆசை. அப்படி முடியவில்லை. 2008-ல் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அக்காளும் அடுத்த வருஷம் இறந்துபோனார்கள். அதன்பிறகு அந்த ஊரில் அவரோடு பேச ஒருவரும் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி நம் மருத்துவமனைக்கு வருவார். வியாதி ஒன்றும் இராது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சைகை தெரிந்த நம் வார்டு ஆயாவுடன் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கொண்டுவந்த நிலக்கடலையைக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு மணி நேரப் பேச்சுக்காகப் பன்னிரண்டு மைல்! அந்த ஆயாவும் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

சில வருஷங்களாக ஒரு நல்ல காரியம் நடக்கிறது. திருப்பூரிலிருந்து அந்தப் பெண் செல்போனில் முகம் பார்த்துப் பேசுகிறாள். அவர் திண்ணையில் உட்கார்ந்து போனைத் தூணில் சாய்த்துவைத்து, இரண்டு கைகளாலும் பேசுகிறார். தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். போன முறை நான் அங்கே போயிருந்தபோது, அவர்களில் ஒரு பையன் என்னைக் காட்டிக் கண்களை மூடிக் கைகூப்பிச் சிரித்தான். அவனுக்கும் அந்தப் பாஷை கொஞ்சம் வந்துவிட்டது.

பிரியமானவர்களே, உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, குழந்தைகளைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பது இன்றும் உண்டு. அந்தத் தீவில் நடந்தது இங்கேயும் நடக்கிறது. கர்ப்பத்தில் ருபெல்லா அம்மை, குழந்தைப் பருவத்து மூளைக்காய்ச்சல், கவனிக்காமல் விட்ட காது சீழ் இவையும் காரணங்கள். இவற்றில் பலவற்றைத் தடுக்கலாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்கும் திறனைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வளரட்டும், பேசுவான் என்று மூன்று வயதுவரை காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, கேளாத பிள்ளையை வீட்டில் ஒளித்துவைக்காமல் பள்ளிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் மிஷனெரி அம்மையார் புளோரன்ஸ் சுவேன்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்பணியைத் தொடங்கிவிட்டார். அவர் பெயரால் அந்தப் பள்ளி நிலைத்திருக்கிறது. நமக்கு இன்று சாக்குச் சொல்ல இடமில்லை.

மூன்றாவது, இதற்குப் பணம் தேவையில்லை. உங்கள் தெருவில், உங்கள் சபையில், கேளாதவர் ஒருவர் நிச்சயமாக இருப்பார். அவருடைய உண்மையான பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவரிடமிருந்து பத்துச் சைகைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். கோவிலில் முன் வரிசையில், போதகரின் முகத்தில் வெளிச்சம் படும் இடத்துக்கு எதிரே உட்காரவையுங்கள். நிலம், கல்யாணம், ஆபரேஷன் எதுவானாலும், அவரைப் பற்றி அவர் அண்ணனிடம் பேசாதீர்கள், அவரிடம் பேசுங்கள். செவிடனைத் தூஷிக்கலாகாது என்று மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிடுகிறது. அவனைத் தூஷிக்காமல் இருந்துவிட்டால் போதும் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அந்தத் தீவின் விவசாயிகள் அதோடு நிற்கவில்லை.

இப்போது நாம் ஜெபிப்போம். இன்று ஒரு வேண்டுகோள். யாரும் கண்களை மூட வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துக்கொண்டே ஜெபியுங்கள். கர்த்தர் நம் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.